தள்ளுபடி விகிதத்துக்குள் அடங்காத ஆளுகை

ஒரு நிறுவனத்துக்கு மதிப்புப் போடும் வேலை பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. விற்பனை எவ்வளவு வளரும், அதில் லாபம் எவ்வளவு நிற்கும், விரிவாக்கத்துக்கு எவ்வளவு போகும், மிச்சம் எவ்வளவு என்று பத்து ஆண்டுகளுக்குக் கணக்கு ஓட்டப்படுகிறது. அந்த மிச்சத்தை 12 சதவீதமோ 13 சதவீதமோ தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறார்கள். எல்லாம் முடிந்தபிறகு, எக்செல் தாளின் கடைசி வரிசையில், நிறுவன ஆளுகை வந்து நிற்கிறது. நிறுவனத்தைத் தொடங்கிக் கட்டுப்படுத்தும் புரொமோட்டர் கொஞ்சம் அப்படி இப்படி என்று பேச்சிருந்தால் தள்ளுபடி விகிதத்தில் ஒரு புள்ளி கூட்டப்படும். நல்ல மேனேஜ்மென்ட் என்று பெயரிருந்தால் ஒரு புள்ளி குறையும், அல்லது வந்த விலையின்மேல் பத்து இருபது சதவீதம் பிரீமியம் ஏறும்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு கருத்து இருக்கிறது. மதிப்பீடு என்பது எண்களின் வேலை, ஆளுகை என்பது குணத்தின் சங்கதி, ஆகவே முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதற்கு ஒரு தோராயமான கழிவு கொடுத்தால் போதும் என்பதே அது. தரகு நிறுவனங்களின் ஆய்வறிக்கைகளிலும் வணிகப் பள்ளி வகுப்புகளிலும் முதலீட்டாளர் கூட்டங்களிலும் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. மெக்கின்சி நிறுவனம் 2002இல் வெளியிட்ட முதலீட்டாளர் கருத்துக் கணிப்பு இதற்கு ஓர் எண் வடிவமும் கொடுத்தது. நன்கு ஆளப்படும் நிறுவனத்துக்கு வட அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் 12 முதல் 14 சதவீதமும், ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் 20 முதல் 25 சதவீதமும், கிழக்கு ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் 30 சதவீதத்துக்கு மேலும் கூடுதல் விலை தரத் தயார் என்று முதலீட்டாளர்கள் சொன்னார்கள். சொன்னார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அது நடந்த விற்பனைகளின் கணக்கு இல்லை, கேட்ட கேள்விக்குக் கொடுத்த பதில். ஆனாலும் அந்த எண்கள் இன்றுவரை பிரீமியம் என்ற எண்ணத்துக்கு அடித்தளமாக நிற்கின்றன.

இக்கருத்து இடத்திலும் அளவிலும் தவறு. ஆளுகை, போட்டு முடித்த மதிப்பின்மேல் ஏறும் பிரீமியமாகவோ இறங்கும் கழிவாகவோ இருக்க முடியாது. கணக்கின் முதல் வரியிலேயே, யாருடைய பணத்துக்கு மதிப்புப் போடுகிறோம் என்ற கேள்வியிலேயே அது இருக்கிறது.

பங்கின் மதிப்பு என்பது அந்தப் பங்கை வைத்திருப்பவர் கைக்கு வந்துசேரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு. பாடநூல்கள் இவ்வளவும் சரியாகவே சொல்கின்றன. அடுத்த படியில்தான் ஒரு மாற்று நடந்துவிடுகிறது: நிறுவனம் ஈட்டும் பணம், பங்குதாரர் பெறும் பணம் என்ற இரண்டும் ஒன்றாகப் பாவிக்கப்படுகின்றன. களத்தில் விளைந்த நெல் வேறு, நிலத்துக்காரர் வீட்டுக் குதிருக்கு வந்த நெல் வேறு. இடையில் எத்தனை கை இருக்கிறது, எந்தக் கை எவ்வளவு அள்ளலாம், அள்ளினால் கேட்பார் உண்டா என்பவற்றை முடிவுசெய்யும் ஏற்பாட்டுக்குத்தான் ஆளுகை என்று பெயர். இயக்குநர் குழு, தணிக்கை, வாக்குரிமை, நீதிமன்றம், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிகள் எல்லாம் இந்த ஏற்பாட்டின் உறுப்புகள். இவற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் பணவரத்தை மதிப்பிட முடியாது. நிறுவனத்தின் பணத்தில் எவ்வளவு பங்குதாரரின் பணமாக மாறும் என்பதே இவற்றைப் பொறுத்தது.

ஓர் எளிய கணக்கு இதைத் துலக்கும். ஒரு நிறுவனம் அடுத்த ஆண்டு 100 கோடி ரூபாய் லாபம் ஈட்டுகிறது. பாதியை ஈவுத்தொகையாகத் தருகிறது, மீதி 50 கோடியைத் தொழிலில் திரும்பப் போடுகிறது. திரும்பப் போட்ட பணம் 16 சதவீதம் ஈட்டினால் லாபம் ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும். பங்குதாரர் எதிர்பார்க்கும் வருமானம் 12 சதவீதம் என்றால் நிறுவனத்தின் மதிப்பு, 50ஐ 4 சதவீதத்தால் வகுக்கக் கிடைக்கும் 1,250 கோடி. இப்போது ஒரே ஒரு மாற்றம்: அந்த 50 கோடியைத் திரும்பப் போடும் இடத்தைப் புரொமோட்டர் தம் விருப்பத்துக்குத் தேர்கிறார். மகனுக்கு ஒரு ஹோட்டல், ஊர்ப் பெருமைக்கு ஒரு மின்நிலையம், போட்டியாளர் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒரு நலிந்த ஆலை. அவை 8 சதவீதம்தான் ஈட்டுகின்றன. வளர்ச்சி 4 சதவீதத்துக்கு இறங்குகிறது. மதிப்பு, 50ஐ 8 சதவீதத்தால் வகுக்க, 625 கோடி.

சரிபாதி போய்விட்டது. இதில் திருட்டு இல்லை, போலி பில் இல்லை, தணிக்கையாளர் சுட்டிக்காட்ட ஒரு குறையும் இல்லை. அடுத்த ஆண்டு லாபம் இரண்டு நிலையிலும் அதே 100 கோடி, ஈவுத்தொகையும் அதே 50 கோடி. முழு லாபத்தையும் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட்டு வளர்ச்சியே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தால்கூட மதிப்பு 833 கோடியாக இருந்திருக்கும். அதாவது இந்த நிறுவனம் வளர்வதனாலேயே தன் பங்குதாரர்களுக்கு 208 கோடி நட்டம் உண்டாக்குகிறது. ‘கன்சர்வேட்டிவாக ஒரு புள்ளி கூட்டிக்கொண்டோம்’ என்று சொல்லும் ஆய்வாளர் இந்த இழப்பைத் தள்ளுபடி விகிதத்தின் வழியாகப் பிடிக்க வேண்டுமானால், 12ஐ 16 ஆக்க வேண்டும். ஒரே அடியில் நான்கு புள்ளி கூட்ட எந்த ஆய்வாளருக்கும் கை வராது.

அப்படியே துணிந்து கூட்டினாலும் கணக்கு சரியாகாது. விகிதத்தை 12இலிருந்து 16க்கு உயர்த்தினால் அடுத்த ஆண்டு வரவின் மதிப்பு 3.4 சதவீதம்தான் குறையும். பத்தாம் ஆண்டு வரவின் மதிப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பணம் கசிவது நாளைக்குக் கொஞ்சம், பத்து ஆண்டு கழித்து நிறைய என்று இந்த முறை தானாகவே முடிவுகட்டிவிடுகிறது. உண்மையில் புரொமோட்டரின் சொந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும் கமிஷன் இந்த ஆண்டே முழுதாகப் போகிறது. வேண்டாத கையகப்படுத்தல் ஒரே நாளில் நடந்து முடிகிறது. ஒவ்வொரு கசிவுக்கும் ஓர் இடமும் காலமும் அளவும் உண்டு. விகிதத்தைக் கூட்டுவது இவை மூன்றையும் ஒருசேர மறைத்துவிடுகிறது.

கசிவு எவ்வளவு துல்லியமாக எண்ணக்கூடியது என்பதற்கு ராயல்டியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2024இல் நெஸ்லே இந்தியா, சுவிட்சர்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு விற்பனையில் 4.5 சதவீதமாகக் கொடுத்துவந்த ராயல்டியை ஆண்டுக்கு 0.15 சதவீதப் புள்ளி வீதம் ஐந்து ஆண்டுகளில் 5.25 சதவீதமாக உயர்த்தும் தீர்மானத்தைப் பங்குதாரர்கள் முன் வைத்தது. 62 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருந்த தாய் நிறுவனம், தொடர்புடைய தரப்பு என்பதால், வாக்களிக்க முடியாது. மற்றவர்கள் போட்ட வாக்குகளில் பெரும்பான்மை எதிராக விழுந்தது, தீர்மானம் தோற்றது. ஆண்டு விற்பனையை 20,000 கோடி என்று கொண்டால், 0.75 சதவீதம் என்பது 150 கோடி. வரி போக ஏறக்குறைய 112 கோடி. அந்தப் பங்கு ஆண்டு லாபத்தைப்போல் அறுபது மடங்குக்கு மேலான விலையில் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. அறுபது மடங்கு என்றே வைத்தாலும் அந்த ஒரு வாக்கெடுப்பு 6,700 கோடி ரூபாய்ப் பெறுமானம். இதில் 38 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்கு வெளிப் பங்குதாரர்களுடையது. இதை ‘குணம் சார்ந்த காரணி’ என்று எப்படிச் சொல்வது? நூடுல்ஸ் விற்பனைபோல், பால் கொள்முதல் விலைபோல், இதுவும் கணக்கில் ஒரு வரி. 2023இல் இந்துஸ்தான் யூனிலீவரின் இயக்குநர் குழு, தாய் நிறுவனத்துக்கான கட்டணத்தை 2.65 சதவீதத்திலிருந்து 3.45 சதவீதமாகப் படிப்படியாக உயர்த்த ஒப்புக்கொண்டது. 58,000 கோடி விற்பனையில் இந்த 0.80 சதவீதம் 460 கோடியைத் தாண்டும். இரண்டு நிறுவனங்களும் ஆளுகைக்கு நற்பெயர் பெற்றவை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஆளுகைத் தரப்பட்டியலில் வரும் மதிப்பெண் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

குழும நிறுவனங்களில் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. ஒரு குடும்பம் ‘அ’ நிறுவனத்தில் 51 சதவீதம் வைத்திருக்கிறது. ‘அ’, ‘ஆ’ நிறுவனத்தில் 51 சதவீதம் வைத்திருக்கிறது. ‘ஆ’வின் மீது குடும்பத்துக்கு முழு அதிகாரம் உண்டு, ஆனால் ‘ஆ’வின் லாபத்தில் குடும்பத்துக்குச் சேருவது 26 சதவீதம்தான். ‘ஆ’விலிருந்து 100 கோடி ரூபாய் குடும்பத்தின் சொந்தத் தனியார் நிறுவனத்துக்கு நகர்ந்தால் குடும்பம் 26 கோடி இழந்து 100 கோடி பெறுகிறது. நகர்த்த வேண்டும் என்ற ஆசை யார் மனத்திலும் இல்லாமல் இருக்கலாம். நகர்த்தினால் லாபம் என்ற அமைப்பு அங்கே எப்போதும் இருக்கிறது. மரியான் பெர்ட்ராண்ட், பரஸ் மேத்தா, செந்தில் முல்லைநாதன் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியக் குழுமங்களில் இது நடந்ததற்கான தடயத்தை எடுத்துக்காட்டியது. குடும்பத்துக்குக் குறைந்த பங்குள்ள நிறுவனத்தில் எதிர்பாராத லாபம் வந்தால் அதில் ஒரு பகுதி அங்கே தங்காமல் குடும்பத்துக்கு அதிகப் பங்குள்ள நிறுவனத்தில் போய்த் தெரிந்தது. அது பெரும்பாலும் தெரிந்த இடம், நேரடித் தொழில் சாராத வரவுசெலவு வரிகள். ஆண்டறிக்கையில் பெரும்பாலோர் புரட்டித் தள்ளும் ‘இதர வருமானம்’, ‘தள்ளுபடி செய்த கடன்’ போன்ற பக்கங்கள் அவை. சைமன் ஜான்சனும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் இந்த நகர்த்தலுக்குச் சுரங்கம் தோண்டுதல் என்று செக் நாட்டு வழக்கிலிருந்து பெயர் எடுத்தார்கள்.

ஒரே நிறுவனத்துக்கு ஒரே நாளில் இரண்டு மதிப்பு உண்டு என்பதைச் சந்தையே ஒப்புக்கொள்கிறது. அலெக்ஸாண்டர் டைக், லூயிஜி ஜிங்கேல்ஸ் இருவரும் 39 நாடுகளில் நடந்த 393 கட்டுப்பாட்டுப் பங்கு விற்பனைகளை ஆராய்ந்து 2004இல் எழுதினார்கள். கட்டுப்பாட்டைத் தரும் பங்குத் தொகுதிக்குக் கொடுத்த விலைக்கும் சாதாரணப் பங்கின் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியை அவர்கள் அளந்தார்கள். கட்டுப்பாடு வைத்திருப்பவருக்கு மட்டும் கிட்டும் அந்தத் தனிப் பலன், பங்கு மூலதனத்தின் மதிப்பில் சராசரியாக 14 சதவீதம். ஜப்பானில் இது சுழியத்துக்கும் கீழே, மைனஸ் 4 சதவீதம். பிரேசிலில் 65 சதவீதம். இயந்திரம் அதே, வாடிக்கையாளர் அதே, லாபமும் அதே. யார் கையில் பங்கு இருக்கிறது என்பது மட்டுமே வேறு. ‘நிறுவனத்தின் மதிப்பு’ என்று ஒற்றை எண்ணைப் போட்டுவிட்டு ஓரத்தில் கழிவு கொடுக்கும் முறைக்கு இந்த 69 புள்ளி இடைவெளியை வைக்க இடமே இல்லை.

ஆளுகையை மதிப்பெண்ணாக்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் காட்டியது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் முன்னாள் அமைச்சரவைச் செயலர், இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் டீன், டெல்லி ஐ.ஐ.டி.யின் முன்னாள் இயக்குநர், பென்டியம் சிப் உருவாக்கத்துக்குப் பெயர்பெற்ற பொறியாளர், ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் என்று அமர்ந்திருந்தார்கள். உலகின் நான்கு பெரிய தணிக்கைக் குழுமங்களில் ஒன்றைச் சேர்ந்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்குத் தணிக்கை செய்தது. நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிட்டிருந்ததால் அமெரிக்காவின் கடுமையான விதிகளும் பொருந்தின. 2008இல் நிறுவன ஆளுகைச் சிறப்புக்கான ‘கோல்டன் பீகாக்’ விருது அதற்குக் கிடைத்தது. பிறகு திரும்பப் பெறப்பட்டது. எந்தச் சரிபார்ப்புப் பட்டியலை நீட்டினாலும் சத்யம் எல்லாக் கட்டத்திலும் டிக் வாங்கியிருக்கும்.

2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பம் சார்ந்த மேடாஸ் பிராப்பர்ட்டீஸை முழுதாகவும் மேடாஸ் இன்ஃப்ராவில் 51 சதவீதத்தையும் மொத்தம் 160 கோடி டாலருக்கு வாங்க அந்த இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ரொக்கம் குடும்பத்தின் ரியல் எஸ்டேட்டுக்குப் போகவிருந்தது. முதலீட்டாளர்கள் கொந்தளித்ததும் மறுநாளே முடிவு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று ராஜு எழுதிய கடிதம் வெளிவந்தது. புத்தகத்தில் இருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம். அந்த இல்லாத பணத்துக்கு வந்துசேர வேண்டியதாகக் காட்டிய 376 கோடி வட்டியும் இல்லாதது. 1,230 கோடி ரூபாய்க் கடன் கணக்கிலேயே ஏறவில்லை. 2008 செப்டம்பர் காலாண்டில் 2,700 கோடி வருவாய், 649 கோடி செயல்பாட்டு லாபம் என்று காட்டப்பட்டிருந்தது; உண்மையில் வருவாய் 2,112 கோடி, லாபம் 61 கோடி. மேடாஸ் பேரம் இல்லாத சொத்துக்குப் பதிலாக இருக்கும் சொத்தை வைப்பதற்கான கடைசி முயற்சி என்றும் அந்தக் கடிதமே சொன்னது.

முந்தைய நாள் ஏறத்தாழ 179 ரூபாயில் முடிந்த பங்கு அன்று 40 ரூபாய்க்கு வந்து நின்றது. இங்கே ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 67 கோடி பங்குகள் இருந்தன. புத்தகத்தில் இருந்த ரொக்கம் பங்கு ஒன்றுக்கு 80 ரூபாய். அதாவது 179 ரூபாய் விலையில் 80 ரூபாய் வங்கியில் இருக்கும் பணம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. ரொக்கத்துக்கு யாரும் தள்ளுபடி விகிதம் போடுவதில்லை. ஒரு ரூபாய் ரொக்கத்தை ஒரு ரூபாயாகவே எழுதுவார்கள். ஆகவே ஆளுகை மோசம் என்று சந்தேகித்து இரண்டு புள்ளி கூட்டிய ஆய்வாளரின் தாளிலும் அந்த 80 ரூபாய் முழுசாகவே நின்றிருக்கும். மிச்சமிருந்த தொழிலின் மதிப்போ, 24 சதவீத லாப விகிதத்தின்மேல் கட்டப்பட்டது. உண்மை விகிதம் 3 சதவீதம். தள்ளுபடி விகிதத்தைத் திருத்துவதற்கு முன்னால் வரவே பொய்யாக இருந்தால், அந்த விகிதம் எதைத் திருத்தும்?

தடயங்கள் இல்லாமல் இல்லை. அவை மதிப்பெண் பட்டியலுக்கு வெளியே, கணக்கின் உள்ளே கிடந்தன. புரொமோட்டர் குடும்பத்தின் பங்கு பல ஆண்டுகளாகக் கரைந்து வந்தது, எஞ்சியதும் அடமானத்தில் இருந்தது. இவ்வளவு ரொக்கம் குவித்து வைத்திருக்கும் நிறுவனம் அதைப் பங்குதாரர்களுக்குத் திருப்பித் தர ஏன் தயங்குகிறது என்ற கேள்வியும் கேட்கக் கிடந்தது. இந்தக் கேள்விகளைக் கேட்க ஆளுகை நிபுணர் தேவையில்லை. பணம் எங்கே இருக்கிறது, யார் கையெழுத்தில் நகரும் என்று பார்க்கும் மதிப்பீட்டாளர் போதும். பெயர்பெற்ற இயக்குநர்களின் எண்ணிக்கை இந்த வேலையைச் செய்யாமலிருப்பதற்கான சாக்காகிவிட்டது என்பதே வேதனை. அந்தச் சாக்குக்கு விலை கொடுத்தவர்கள் விருது கொடுத்தவர்களோ தரம் போட்டவர்களோ இல்லை. சேமிப்பைப் போட்ட சாதாரண முதலீட்டாளர்கள்.

மோசடியை மட்டும் ஆளுகைச் சிக்கலாகப் பார்ப்பதும் இதே பார்வையின் மற்றொரு பிழை. பொதுத்துறை நிறுவனங்களில் பெரும்பாலும் யாரும் எதையும் திருடுவதில்லை. பங்கின் விலை மட்டும் லாபத்தோடு ஒப்பிடுகையில் நெடுங்காலம் தாழ்ந்தே கிடந்தது. ஓ.என்.ஜி.சி. டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு மானியச் சுமையில் ஒரு பகுதியைக் கச்சா எண்ணெய் விலைத் தள்ளுபடியாகத் தாங்கியது. 2013-14இல் மட்டும் அது 56,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2018 ஜனவரியில் இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் அரசு வைத்திருந்த 51.11 சதவீதத்தை 36,915 கோடி ரூபாய்க்கு அதே ஓ.என்.ஜி.சி. வாங்கியது, பணத்தின் பெரும்பகுதி கடன். அரசின் பங்கு விற்பனை இலக்கு நிறைவேறியது. எண்ணெய்க் கிணற்று நிறுவனத்தின் பங்குதாரர் தாம் கேட்காத ஒரு சுத்திகரிப்பு நிறுவனத்துக்கு உரிமையாளரானார். இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் சிறு பங்குதாரர்களுக்குத் தங்கள் பங்கை விற்க வாய்ப்பளிக்கும் ஓப்பன் ஆஃபரும் வரவில்லை. கோல் இந்தியாவின் பங்குகளை வாங்கிய லண்டன் முதலீட்டு நிதியம் ஒன்று, நிலக்கரியைச் சந்தை விலைக்குக் கீழே விற்கச் செய்வதை எதிர்த்து 2012இல் நீதிமன்றம் போனது. மானியம் தேவையா என்பது அரசியல் கேள்வி, அதற்கு நல்ல நியாயங்கள் இருக்கலாம். மதிப்பீட்டாளருக்கு உரிய கேள்வி வேறு: விலையை நிர்ணயிக்கும் உரிமை பங்குதாரர் நலனைப் பார்க்கக் கடமைப்பட்டவரிடம் இருக்கிறதா? இல்லையென்றால் விற்பனை வரியிலேயே அது தெரிய வேண்டும்.

‘எல்லாம் சந்தை விலையிலேயே அடங்கிவிட்டது’ என்று ஒரு வாதம் எழும். மோசமான ஆளுகையில் விலையே ஒரு கருவியாகிவிடும் என்பதை இந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை. தென்கொரியாவில் பட்டியலிட்ட இரு நிறுவனங்கள் இணையும்போது பங்கு மாற்று விகிதம் சந்தை விலையை அடிப்படையாகக் கொண்ட சூத்திரத்தால் நிர்ணயிக்கப்பட்டு வந்தது. 2015இல் சாம்சங் சி அண்ட் டி, செயில் இண்டஸ்ட்ரீஸ் இணைப்பில் சி அண்ட் டி பங்கு ஒன்றுக்குச் செயிலின் 0.35 பங்கு கிடைத்தது. சி அண்ட் டி கையில் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸின் 4 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான பங்கு இருந்தது. நிறுவனர் குடும்பத்தின் பெரும் பங்கோ செயிலில் இருந்தது. சி அண்ட் டியில் 7 சதவீதம் வைத்திருந்த எலியட் என்ற முதலீட்டு நிதியம் விகிதத்தை எதிர்த்துப் போராடித் தோற்றது. அந்த நாட்டில் வாரிசு வரியின் உச்ச விகிதம் 50 சதவீதம். கட்டுப்பாட்டுப் பங்குக்குக் கூடுதல் சுமையும் சேரும். சொத்து கைமாறும் காலத்தில் பங்கு விலை தாழ்ந்திருப்பது குடும்பத்துக்கு அனுகூலம். ‘கொரியத் தள்ளுபடி’ என்று உலகம் பேசும் விலைத் தாழ்வுக்கு ஒரு காரணம் இது. உயர்த்த வேண்டிய ஆளுக்கே உயர்வில் அக்கறை இல்லாத விலையை, எல்லாத் தகவலும் அடங்கிய நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்வது பொருந்தாது.

இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது. ஆளுகை அவ்வளவு முக்கியமானால் நன்கு ஆளப்படும் நிறுவனங்களின் பங்குகள் எப்போதும் அதிக வருமானம் தந்திருக்க வேண்டுமே, தரவில்லையே என்பது அது. பால் கோம்பர்ஸ், ஜாய் இஷீ, ஆண்ட்ரூ மெட்ரிக் மூவரும் 24 விதிகளைக் கொண்டு அமெரிக்க நிறுவனங்களைத் தரப்படுத்தி, 1990களில் பங்குதாரர் உரிமை வலுவான நிறுவனங்களை வாங்கி உரிமை மெலிந்தவற்றை விற்றிருந்தால் ஆண்டுக்கு 8.5 சதவீதம் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று 2003இல் காட்டினார்கள். 2000 முதல் 2008 வரையான காலத்தில் அந்தக் கூடுதல் வருமானம் மறைந்துவிட்டதை லூசியன் பெப்சக்கும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் காட்டினார்கள். ஆளுகை வெறும் பேச்சு என்பதற்கு இந்த மறைவைச் சான்றாக நீட்டுபவர்கள் ஆய்வின் மறுபாதியைப் படிப்பதில்லை. பங்கின் வருமானத்தோடு இருந்த தொடர்பு போனபிறகும், நிறுவனத்தின் மதிப்போடும் செயல்பாட்டோடும் ஆளுகைக்கு இருந்த தொடர்பு அப்படியே நின்றது. முதலீட்டாளர்கள் கற்றுக்கொண்டார்கள், விலை சரியாகிவிட்டது, அதன்பிறகு கூடுதல் வருமானம் கிடைக்கக் காரணமில்லை. வருமானமும் மதிப்பும் வெவ்வேறு. மட்டமான நிறுவனத்தை மட்டமான விலைக்கு வாங்கினால் நல்ல வருமானம் வரலாம். நிறுவனம் அதனால் உயர்ந்துவிடாது.

வலுவான புரொமோட்டர் இருந்தாலே போதும், ஆளுகை விதிகள் மேற்கத்திய இறக்குமதி என்ற பேச்சும் இந்தியச் சந்தையில் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. கிழக்காசியாவின் எட்டுப் பொருளாதாரங்களில் 1,301 நிறுவனங்களை ஆராய்ந்து ஸ்டைன் கிளாசென்ஸ் முதலானோர் 2002இல் எழுதியது இந்தப் பாதியைச் சரியாகப் பிரிக்கிறது: பெரிய பங்குதாரருக்கு லாபத்தில் உரிமை கூடக்கூட நிறுவனத்தின் மதிப்பு உயர்ந்தது, அவருடைய வாக்குரிமை லாப உரிமையை மிஞ்ச மிஞ்ச மதிப்பு இறங்கியது. புரொமோட்டர் வலுவானவரா என்பதைவிட, அந்த வலு அவர் போட்ட பணத்துக்குச் சமமானதா என்று பார்ப்பதே உதவும். இது ஆண்டறிக்கையின் பங்குதாரர் அமைப்புப் பக்கத்திலிருந்தே எண்ணி எடுக்கக்கூடியது.

ஆளுகைக்கு உரிய இடத்தை மதிப்பீட்டில் கொடுப்பது கடினமான வித்தையில்லை. தொடர்புடைய தரப்புக்குப் போகும் ராயல்டி, வாடகை, கமிஷன் ஆகியவற்றில் சந்தை வீதத்துக்கு மேற்பட்டதைச் செலவு வரியிலேயே, அது வளரும் வேகத்தோடு, எதிர்காலத்துக்கும் ஓட்ட வேண்டும். திரும்பப் போடும் பணத்துக்கு நிறுவனம் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் புதிய முதலீட்டில் ஈட்டிய வருமானத்தையே போட வேண்டும். பழைய தொழிலின் உயர்ந்த வருமானத்தைப் புதிய ஆசைகளுக்கு இரவல் கொடுக்கக் கூடாது. மேலே கண்ட 1,250க்கும் 625க்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் இந்த ஓர் எண்ணில்தான் இருந்தது. ரொக்கத்தை முழு மதிப்பில் எழுதுமுன், அதற்கு வந்த வட்டி வங்கி வீதத்தோடு ஒத்துப்போகிறதா, ரொக்கம் கையில் இருக்கும்போதே கடனும் ஏன் வாங்கப்படுகிறது, கட்டிய வருமான வரி காட்டிய லாபத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தபிறகே எழுத வேண்டும். பொருந்தாவிட்டால் கணக்கே நம்பத்தகாதது. அப்போது எந்த விகிதமும் உதவாது, மதிப்பீட்டை அங்கேயே நிறுத்துவதுதான் நேர்மை.

அடுத்து, மாற்றத்துக்கான வாய்ப்பு. சென்னை லயோலா கல்லூரியில் படித்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் அஸ்வத் தாமோதரன், கட்டுப்பாட்டின் மதிப்பை இந்த வழியில்தான் பிரித்துக் காட்டுகிறார்: இப்போது நடத்தும் விதத்தில் நிறுவனத்தின் மதிப்பு ஒன்று, நன்றாக நடத்தினால் வரும் மதிப்பு ஒன்று, நடத்துபவர் மாறுவதற்கான வாய்ப்பு ஒன்று. 625க்கும் 1,250க்கும் இடையே மாற்றத்துக்கு 10 சதவீத வாய்ப்பு என்றால் வெளிப் பங்குதாரருக்கு மதிப்பு 687.5 கோடி. 60 சதவீத வாய்ப்பு என்றால் 1,000 கோடி. அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை புரொமோட்டரின் பங்கு 70 சதவீதமா 25 சதவீதமா, வங்கியிடம் எவ்வளவு அடமானம், சிறுபான்மைப் பங்குதாரர்களின் வாக்குக்குச் சட்டத்தில் என்ன பலம், நீதிமன்றம் எத்தனை ஆண்டு இழுக்கும் என்பவை. ஆளுகை விதிகளின் பணப் பெறுமானம் இங்கேதான் நேராகத் தெரிகிறது.

சத்யத்தின் பிற்பகுதி இதற்குச் சான்று. 2009 ஜனவரியில் அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டு தீபக் பாரேக், கிரண் கார்னிக், சென்னையைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர் டி.என்.மனோகரன் உள்ளிட்டோரைக் கொண்ட புதிய குழுவை அமர்த்தியது. ஊழியர்களுக்குச் சம்பளம் போட்டு, வாடிக்கையாளர்களைப் பிடித்துவைத்து, ஏப்ரல் 13 அன்று நிறுவனத்தை ஏலத்துக்கு விட்டார்கள். நம்பத்தகுந்த கணக்குப் புத்தகம் அப்போதும் இல்லை. டெக் மஹிந்திரா பங்குக்கு 58 ரூபாய் கேட்டது, எல் அண்ட் டி 45.90, வில்பர் ராஸின் நிறுவனம் 20. மூன்று தரப்பும் பார்த்தது ஒரே அலுவலகங்களை, ஒரே பொறியாளர்களை. ஜனவரி 7இன் 40 ரூபாய்க்கும் ஏப்ரலின் 58 ரூபாய்க்கும் நடுவே வந்த ஏற்றத்துக்கு முதன்மைக் காரணம் புதிய மென்பொருள் ஒப்பந்தங்கள் இல்லை. வரும் பணத்துக்கு யார் பொறுப்பு என்பது மாறியிருந்தது.

தள்ளுபடி விகிதத்துக்கு ஆளுகையில் மிஞ்சும் வேலை மிகச் சிறியது. தகவல் மங்கலாக இருப்பதால் முதலீட்டாளர் கேட்கும் கூடுதல் வருமானம், கடன் தருபவர் கேட்கும் கூடுதல் வட்டி ஆகியவை மட்டும் அங்கே சேரலாம். அதுவும் பத்திரச் சந்தையில், வங்கிக் கடனில் காணக்கிடைக்கும் அளவுக்குத்தான். கசிவைச் செலவு வரியிலும், வீண் முதலீட்டை வளர்ச்சி வரியிலும் கழித்தபிறகு அதே குற்றத்துக்காக விகிதத்தையும் கூட்டினால் இரண்டு முறை கழித்ததாகிவிடும். அப்படிப் போட்ட மதிப்பு, கழிக்காமல் போட்டதைப்போலவே பங்குதாரரை ஏமாற்றும்.